பாட்டுக்கு அடியில் நடப்பது யார்?

அன்புள்ள சாம்,

உன் கேளம்பாக்கம் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போடக் கொடி கட்டவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நான் வந்து கட்டித் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் வரவில்லை. வந்தால் கொடியைக் கட்டிவிட்டு, ஜெனி கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே தாம்பரம் பஸ்ஸில் ஏறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். போனிலும் சொல்லப் பார்த்தேன். "என்னப்பா, டயர்டா பேசறீங்க?" என்று நீ கேட்டாய். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்தவனுக்குப் பேச்சு வராவிட்டாலும் எழுத்து வரும் என்பார்கள், பார்ப்போம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாண ரிசப்ஷனில் நான் வாசித்த பேஸ் கிட்டார் ஒருவர் காதிலும் விழவில்லை. நான் மேடையில் நின்று வியர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, என் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் சவுண்டு மேசையிலேயே அணைந்து கிடந்தது. அணைக்கச் சொன்னது நீ. இது எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட முடிந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

இந்தக் கிட்டார் என் கைக்கு வந்ததே உன்னால்தான், அது உனக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. நீ யூ.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாய். நம் செலையூர் வீட்டு ஹாலில் டேப் ரிக்கார்டரும் அதற்கென்று ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. அம்மாவுக்குப் பிடித்த பழைய டூயட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நீ தரையில் குப்புறப் படுத்து அந்தப் பெட்டியில் காதை ஒட்டிவைத்திருந்தாய். திடீரென்று தலையைத் தூக்கி, "அப்பா, பாட்டுக்கு அடியில யாரோ நடந்து போறாங்க" என்றாய். அந்தப் பாட்டைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நான். குரல் கேட்டிருக்கிறேன், வயலின் கேட்டிருக்கிறேன், அடியில் ஒருவர் நடப்பது எனக்குக் கேட்டதே இல்லை. உன் பக்கத்தில் நானும் படுத்துக் காதை வைத்தேன். நடந்துகொண்டுதான் இருந்தார். அவசரமே இல்லாமல், யாருக்கும் வழிவிடாமல், யாரையும் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தார். அது தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டார் என்று பிற்பாடுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதெல்லாம் நீ அந்த நடையை என் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வருவாய்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதை வாங்கினேன். வயதான காலத்தில் இந்த மனிதருக்கு என்ன கேடு என்று சர்ச் சபையில் பேசிக்கொண்டார்கள். உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "மத்தவங்க ரிட்டயர் ஆனா ஷுகர் வரும், உங்களுக்கு கிட்டார் வந்திருக்கு" என்றாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஜான்சன் டிரம்ஸ் தட்டுவான், செல்வம் கீபோர்டு வாசிப்பான், பாடுவதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பேஸ் வாசிக்கத்தான் எவனும் வரமாட்டான், ஏனென்றால் அதில் பெயர் கிடைக்காது. கிடைத்த இடத்தில் நான் நுழைந்துகொண்டேன். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் இருந்த ஜான்சன் வீட்டுக் கார் ஷெட்டில் பழகியதால் குழுவுக்கு "சானடோரியம் பாய்ஸ்" என்று பேர் வைத்தோம். பாய்ஸ் எல்லோருக்கும் பேரப்பிள்ளை எடுக்கிற வயது. அப்பார்ட்மெண்ட் பொங்கல் விழா, யாரோ ஒருவருடைய அறுபதாவது பிறந்தநாள், சபையின் அறுவடைப் பண்டிகை என்று வாசித்தோம். எல்லாம் அடுத்தவர் போட்ட பாட்டுதான். ஒரு சுரம்கூட எங்கள் சொந்தம் கிடையாது. ஆனால் அந்தக் கார் ஷெட்டில் நிற்கும்போது, உன் சின்னக் காதுக்குக் கேட்ட அந்த ஆள் நான்தான், இப்போது நான்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். முப்பது வருடம் இயற்பியல் நடத்தி எனக்குக் கிடைக்காத மரியாதை அதில் இருந்தது.

பெருமையும் அடித்துக்கொண்டேன், மறைக்கவில்லை. "பேஸ் வாசிக்கிறவனுக்குக் காது தேவையில்லை, வயிறு போதும்" என்று எல்லோரிடமும் சொல்வேன். கிட்டார் வயிற்றில் சாய்ந்திருக்கும், அதிர்வு நேராகக் குடலுக்குப் போகும். உன் மாமனார் வீட்டு ஆட்களிடமும் இதையேதான் சொன்னேன். அவர்கள் பரம்பரையாகப் பாடகர் குழு நடத்துகிறவர்கள், சிரித்துத் தலையாட்டினார்கள். மரியாதையாகத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ரிசப்ஷனுக்கு நாங்கள்தான் வாசிப்போம் என்று பிடிவாதம் பிடித்தது நான். நீ ஒரே ஒரு நிபந்தனை வைத்தாய். "பேண்ட் வாசிக்கட்டும்பா, ஆனா கூடவே ட்ராக்கும் ஓடட்டும், சேஃப்டிக்கு" என்றாய். இப்போது எல்லா மேடையிலும் அப்படித்தான். பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்டு மற்ற வாத்தியமெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து ஓடும், அதன்மேல் நாங்கள் வாசிப்போம். எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் கல்யாண மாப்பிள்ளை கேட்கிறான் என்று ஒப்புக்கொண்டேன். முந்தின நாள் ஹாலில் ரிகர்சல். பெண் வீட்டார் நாலைந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசிக்கிறவனுக்கே கேட்பதற்காக மேடையில் காலடியில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் சரியில்லை, மேடைப் பலகை ஆடுகிறது என்று நான் சவுண்டுக்காரர் குமாரைப் போட்டு வறுத்தெடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அன்றைக்கு நீ பின்வரிசையில் தனியாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை நடந்ததை நீயே பார்த்தாய், ஆனால் என் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். நான் அப்படி ஒரு நாளும் வாசித்ததில்லை. விரல் வைத்த இடத்திலெல்லாம் சத்தம் சுத்தமாக விழுந்தது. காலுக்குக் கீழே பலகை கும்மென்று அதிர்ந்தது. காலை வேளைகளில் மடங்கியபடியே பூட்டிக்கொள்கிற என் மோதிரவிரல் ஒன்றிரண்டு இடத்தில் பிந்தியது, எனக்கே தெரிந்தது, ஆனால் சத்தம் பிந்தவில்லை. அதை ஆண்டவருடைய கிருபை என்று எடுத்துக்கொண்டேன். சிரிக்காதே, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் நம் வீட்டுப் பழைய டூயட்டை வாசித்தோம். நீ ஜெனியோடு நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். உன் கண் கலங்கியிருந்தது. என் பிள்ளைக்கு அந்த ஸ்பீக்கர் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்து, மேடையில் நின்றபடியே நானும் அழுதேன். இத்தனை வருட வாழ்க்கையில் எனக்கு அதற்கு ஈடான மாலை இன்னொன்று கிடையாது.

அந்தச் சந்தோஷம் சும்மா இருக்க விடவில்லை. போன வாரம் கல்யாணக் கேக்கில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு கோவிலம்பாக்கத்தில் இருக்கிற குமாரின் கடைக்குப் போனேன். ரிகர்சலில் திட்டியதற்கு ஒரு மன்னிப்பு, வாசித்த அன்று கொடுத்த சவுண்டுக்கு ஒரு நன்றி, இரண்டையும் ஒரே கேக்கில் முடித்துவிடலாம் என்று கணக்கு. ஸ்பீக்கருக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார். "குமார், அன்னிக்கு என் பேஸுக்கு என்னப்பா செட்டிங் வச்ச? அறுவடைப் பண்டிகைக்கும் அதே சவுண்டு வேணும்" என்றேன்.

"அத்த வுடு சார். குந்து, டீ சொல்றேன்."

"டீ இருக்கட்டும். அந்த சவுண்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லு."

அவர் ஒயரைக் கீழே வைத்தார். கேக்கைப் பார்த்தார். "இன்னா சார் நீ, கேக்க எத்துகினு வந்து இப்டி கேட்டா நான் இன்னான்னு சொல்றது? அது உன்து இல்ல சார். ட்ராக்குல கீற பேஸு. உன் லைன நான் அமுக்கிட்டேன்."

"எந்தப் பாட்டுக்கு?"

"அல்லாத்துக்கும்தான் சார்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. குமார் சொல்வதை நம்பமாட்டேன், என் மானிட்டரில் எனக்குக் கேட்டதே என்று வாதாடினேன். அவர் பாவம், என்னை உட்காரவைத்துச் சொன்னார். "ரிகர்சல் அன்னிக்கு பொண்ணு வூட்டுக்காரங்க உன்னப் பாத்து சிரிச்சிகினு இருந்தாங்கோ சார். தம்பி பேஜாராயிட்டாரு. என்னாண்ட தனியா வந்து, அண்ணா, அப்பா லைன கட் பண்ணிடுங்க, அவரு மானிட்டர்ல ட்ராக் பேஸ நல்லா ஏத்தி வுடுங்க, அவருக்குத் தெரியவே கூடாதுன்னாரு. சொல்லச் சொல்ல கண்ணு கலங்கிகினு நிக்கிறாரு. நான் இன்னா பண்ணட்டும்? நீ மன்சுல ஒண்ணியும் வெச்சுக்காத சார்."

கேக்கை வைத்துவிட்டு வந்தேன். மேடவாக்கம் வழியாகப் பஸ்ஸில் வரும்போது ஒரு பாடம் ஞாபகம் வந்தது. தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கீச்சென்ற சத்தம் என்றால் தலையைத் திருப்பிவிடுவோம், கும்மென்ற சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல இருக்கும். இதைப் பதினொன்றாம் வகுப்புக்கு வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். மதிப்பெண் போட்டவன் நான். கம்ப்யூட்டரிலிருந்து வந்த சத்தத்தை என் வயிற்றிலிருந்து வந்ததாக நினைத்து, மேடையில் நின்று அழுதவனும் நான்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அப்போதே புரிந்துவிட்டது, அவளுக்கும் தெரியும். "அன்னிக்கு நீங்க சந்தோஷமா இருந்தீங்கல்ல? அத்தோட விடுங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வாசிச்சிருப்பீங்களா?" என்றாள். மாட்டேன். கிட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டு, பெண் வீட்டார் முன்னால் உன்னை நாலு கேள்வி கேட்டு, கல்யாண வீட்டை இழவு வீடாக்கியிருப்பேன். என் கோபம் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நீ செய்தது சரி, சாம். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நீ செய்ததுதான் சரி என்று வருகிறது. அதுதான் என்னைக் கொல்கிறது. தப்பு செய்திருந்தால் மன்னித்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

ஜான்சனுக்குப் போன் போட்டேன். "உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன். "தெரியுமே மச்சான். உனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்? மேடைல கண்ணையெல்லாம் தொடச்சிக்கிட்டு என்னா ஆக்டிங் குடுத்த நீ! வீட்ல கூட சொல்லிட்டிருந்தேன்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வேலை செய்தேன், செய்திருக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, தாளத்துக்கு டிக் டிக் என்று தட்டுகிற ஆப் ஒன்றை ஓடவிட்டு, அந்த டூயட்டை வாசித்து அம்மாவின் போனில் பதிவு செய்து கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, சாம். நான் பிந்துகிறேன். அங்கொன்றும் இங்கொன்றும் இல்லை, எல்லா இடத்திலும். நடக்கிறவர் நடக்கவில்லை, காலை இழுத்துக்கொண்டு வருகிறார். இன்னும் கொடுமை என்னவென்றால், வாசிக்கும்போது அது எனக்குத் தெரியவே இல்லை. கேட்டால்தான் தெரிகிறது. கை போனால் பயிற்சி செய்யலாம், டாக்டரிடம் காட்டலாம். கை போனது தெரியாமல் போனால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

இப்போது பழையதெல்லாம் ஒவ்வொன்றாகப் புளிக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் அப்பார்ட்மெண்டில் பொங்கலுக்கு வாசித்தபோது குழந்தைகள் ஆடினார்களே, எதற்கு ஆடினார்கள்? சபையில் போதகர் கையைப் பிடித்து, "பிரதர், பிரமாதம்" என்றாரே, அவருக்கு என்ன கேட்டது? இது ஒரு தடவைதான் என்று குமார் சத்தியம் செய்தார். நம்பத்தான் ஆசை. ஆனால் மற்ற மேடைகளிலும் குமார்தான் சவுண்டு. சந்தேகம் கிட்டாரோடு நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் ஏதாவது சொன்னால் அம்மா உம் கொட்டுகிறாள், அந்த உம் ட்ராக்கா நிஜமா என்று யோசிக்கிறேன். நீ போனில் "நீங்க சொன்னா சரிப்பா" என்கிறாய். எப்போதிருந்து நான் சொன்னதெல்லாம் சரியானது? முன்பெல்லாம் என்னோடு நீ மல்லுக்கட்டுவாயே. எந்த வருடம் என்னை மெதுவாக அமுக்கி வைத்தீர்கள்? வீட்டில் இப்படி ஒரு சத்தமில்லாத இடத்துக்கு மனிதன் வந்து சேருவான் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கல்யாணமான பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்லவேண்டும் என்பது வழக்கம். சொல்லவும் எனக்கு அருகதை இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஜெனியை ஒரு நாளும் இப்படி அமுக்கிவிடாதே. அவள் ஏதோ ஒன்றில் மோசமாக இருக்கலாம், நாலு பேர் சிரிக்கலாம், உனக்கு நெஞ்சு வலிக்கலாம். வலித்தால் அவளிடம் போய்ச் சொல். அவள் கத்துவாள், ரெண்டு நாள் பேசமாட்டாள், பரவாயில்லை. கத்துகிறவளுக்குத் தன் சத்தம் எங்கே இருக்கிறதென்று தெரியும். ஆனால் இதையும் நான் உறுதியாகச் சொல்லவில்லை. நீ என்னிடம் சொல்ல முடியாதபடி என்னை வைத்துக்கொண்டது நானே. என் மூஞ்சியைப் பார்த்து, "அப்பா, நீங்க பிந்துறீங்க" என்று சொல்ல உனக்கு ஒரு வழி விட்டிருந்தேனா? யோசித்துப் பார்க்கிறேன், அப்படி ஒரு வழி எனக்குத் தென்படவில்லை. நாம் இரண்டு பேரும் எங்கே போய் இதைச் சரிசெய்வது என்றும் தெரியவில்லை.

கிட்டாரை விற்றுவிடலாம் என்று எடுத்துத் துடைத்தேன். அம்மா உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் சும்மா இருங்கள் என்று ஒரு வார்த்தை தடுத்திருந்தால் விற்றிருப்பேன். தடுக்காததால் மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டேன். இந்த வீம்பு மட்டும் இன்னும் பிந்தவில்லை.

வருகிற ஞாயிறு சபையில் அறுவடைப் பண்டிகை. பாய்ஸ் வாசிக்கிறோம். சாப்பாடு முடிந்து, பூசணியும் வாழைத்தாரும் ஏலம் போன பிறகு எங்கள் முறை. குமார்தான் சவுண்டு. அன்றைக்கு எதுவும் தெரியாமல்தான் வாசித்தேன் என்பதை ஜான்சனிடம் சொல்லவேண்டாம் என்று குமாரிடம் கேட்டுக்கொண்டேன், அவர் மானம் காப்பதில் கெட்டிக்காரர், சொல்லமாட்டார். நான் எப்போதும்போல ஒயரைச் செருகுவேன். அது ஸ்பீக்கருக்குப் போகிறதா, பாதியில் நிற்கிறதா என்று கேட்கமாட்டேன். கேட்டாலும் பதிலை நம்பமுடியாது. வயிற்றையும் இனி நம்பமாட்டேன்.

ஜெனியையும் கூட்டிக்கொண்டு வா. முன்வரிசையில் உட்காராதே, அங்கே உட்கார்ந்தால் கட்டைவிரலைத் தூக்கிவிடுவாய். ஸ்பீக்கர் பக்கத்தில் நில். அந்த டூயட்டைக் கடைசியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். காதை நன்றாக ஒட்டிவைத்துக் கேள். முடிந்ததும் என்னிடம் வந்து, யூ.கே.ஜி. படித்தபோது சொன்னதுபோல, யோசிக்காமல் ஒன்றே ஒன்று சொல். பாட்டுக்கு அடியில் யாராவது நடந்தார்களா?

இல்லை என்றாலும் சொல்லு ராஜா.

அப்பா